லெட்சுமி வீட்டு அங்சானா

ஆயர் குரோவில் பஸ்ஸுக்காக நின்றேன். அங்சானாப் பூ வாசனை வந்தது. எனக்குப் பிடிக்காத வாசனை.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு, காஜா பெராங்கில் எங்கள் தெருக்காரர்கள் வீட்டுக்கொரு அங்சானாக் கன்று நட்டார்கள். தெருக்குழாயில் கன்றுக்கென்று வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். பக்கத்து வீட்டு லெட்சுமி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினாள்.

"நான் வர்ற வரைக்கும் எங்க மரத்தப் பாத்துக்கடி."

எங்கள் வாளித் தண்ணீரை அவள் மரத்துக்கே ஊற்றினேன். எங்கள் கன்று செத்தது.

"அவ திரும்பியா வரப்போறா?" என்று அம்மா திட்டினார்.

"வருவாம்மா. சொல்லிட்டுத்தானே போனா."

ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அப்போது அவள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா, தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்தார். "இனிமே இது எங்க மரம். நாங்க ஊத்திக்கிறோம், நீ போ."

தெருவில் எல்லாரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் மரம் இல்லை.