வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துச் செல்லவும்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலை போனில் அத்தான் மழை வரும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அவர் ஒன்று சொன்னால் வானம் வேண்டுமென்றே வேறொன்று செய்வது எங்களுக்குப் பழகிப்போனதுதான்.

பேசியவர் ஹார்டுவேர் கடைக்காரர். “சார், உங்க அக்கா வீட்டுக்காரர் இங்க சாமான் வாங்க வந்தாரு. பேசிக்கிட்டே இருந்தவரு அப்படியே பெஞ்சில உக்காந்தாரு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல சார். டாக்டர் வந்து பாத்துட்டாரு. முடிஞ்சு போச்சு.”

அக்கா அப்போது என் வீட்டில் இருந்தாள். முழங்காலில் கட்டு, காலை நாற்காலியில் நீட்டிப் போட்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவள் உடனே அழவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து, “உக்காந்தாரா? அவரா?” என்றாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். அத்தான் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பார். ஒரு வாய் இங்கே, ஒரு வாய் அங்கே. அவருக்கு முடி வெட்டுகிறவர், “அண்ணே, முடி போனா வளந்துரும், காது போனா வளராது, கொஞ்சம் ஆடாம இருங்க” என்று கெஞ்சுவாராம்.

அவர்கள் நடத்தியது ஒரு சலவைக்கடை. கீழே கடை, நடுவில் வீடு, மேலே துணி காயப்போடும் மொட்டைமாடி. துவைப்பது, இஸ்திரி போடுவது, துணிக்குத் துணி அடையாளத் துண்டு தைப்பது எல்லாம் அக்கா. வானம் அத்தானின் இலாகா. கொடியில் தொங்கும் ஈரச் சட்டையின் காலரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும். “இன்னிக்கு வராது.” ரேடியோவில் வானிலை அறிக்கையைத் தவறாமல் கேட்பார். மறுத்துப் பேச எதிரில் ஆள் வேண்டுமே.

சும்மா இருக்கிற நேரத்தில் தொழில் யோசனைகள் வரும். நேரத்துக்கு ஒன்று. பஸ் நிறுத்தத்தில் குடை வாடகைக்கு விடுவது அவற்றில் ஒன்று. குடையை எடுத்துக்கொண்டு ஆள் ஓடிவிடாமல் இருக்க, அவனுடைய ஒரு செருப்பை நாம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

“ஒத்தச் செருப்போட மழையில நடக்கிறவனுக்குக் குடை எதுக்குங்க?” என்று அக்கா கேட்டாள்.

“தலை நனையாதுல்ல?”

“மத்தவங்க தலையப் பத்தி அப்புறம் கவலைப்படலாம். மாடிக்கு ஒரு கூரையப் போடுங்க.”

இந்தக் கூரைதான் அவர்களுக்குள் இருந்த ஒரே வழக்கு. தூறல் விழுந்தால் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு மாடி ஏறி ஓட வேண்டும். அத்தான் ஓடுவதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மழை வராது என்று தீர்ப்புச் சொன்ன நாட்களில்தான் அவர் தெருக்கோடியில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். கூரைக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று. “அடுத்த வருஷம் உலகமே இருக்குமான்னு தெரியல. கூரை போட்டு என்ன பண்ணப் போற?”

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். இல்லை. அவரிடம் தேதிகள் இருந்தன. விண்கல் விழும் தேதி, கடல் பொங்கும் தேதி, கிரகங்கள் வரிசைகட்டி நிற்கும் தேதி. டீக்கடையில் ஒருவர், போனில் ஒருவர் என்று யாராவது அவருக்குத் தேதி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தேதி கடந்துபோனால், “கணக்குல சின்னப் பிசகு” என்று அடுத்ததற்குப் போய்விடுவார். நீண்டநாள் வேலை எதையும் தொடாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான நம்பிக்கை கிடையாது.

இந்த வருஷம் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அத்தான் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார்: ‘துணிகளை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துச் செல்லவும். அதன் பிறகு கடை பொறுப்பல்ல.’

துவைக்கக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களின் துணி எந்தச் சலவைக்கடையிலும் மலைபோல் குவிந்திருக்கும். கெஞ்சிப் போன் செய்தாலும் வரமாட்டார்கள். அட்டையைப் பார்த்ததும் வந்தார்கள். தெருவே வந்தது. ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் தன் கோட்டைத் தேடி வந்து சண்டைக்கு நின்றார்.

“ஏன்யா, சனிக்கிழமையும் உலகம் இருந்துச்சுன்னா என்ன பண்ணுவ?”

“இருந்தா வாங்க சார். அதே கோட்டை இலவசமா இன்னொரு தடவை துவைச்சுத் தர்றேன்.”

“அழிஞ்சு போறதுக்கு எதுக்குய்யா துவைச்ச கோட்டு?”

“கசங்கின கோட்டோட அழியப் போறீங்களா?”

வாத்தியார் சிரித்துவிட்டார். கோட்டை அங்கேயே மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் நடந்து போனார்.

வியாழக்கிழமைக்குள் அலமாரி காலி. கடை திறந்த நாளிலிருந்து அந்தப் பலகைகளைக் காலியாக யாரும் பார்த்ததில்லை. காலிப் பலகையைப் பார்த்த அத்தானுக்கு உடனே அடுத்த தொழில் பிறந்தது. உலகம் அழியும்போது ஜனங்கள் தங்கள் முக்கியமான பொருட்களைப் பத்திரமாக வைத்துப் போக, அலமாரியில் தட்டுத் தட்டாக வாடகைக்கு விடலாம்.

“உலகமே இல்லன்னா நம்ம அலமாரி மட்டும் எங்கங்க இருக்கும்?” என்றாள் அக்கா.

“தேக்கு மரம்மா அது.”

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாடியில் லாட்ஜ்காரர்களின் படுக்கை விரிப்புகள் கொடி கொடியாகக் காய்ந்துகொண்டிருந்தன. காலரைப் பிடித்துப் பார்த்து அத்தான் சொன்னார்: “அழிஞ்சாலும் அழியும், மழை மட்டும் வராது.” பிறகு அலமாரி வாடகைக்கு ஆள் பிடிக்க டீக்கடைக்குப் போய்விட்டார்.

உலகம் அழியவில்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அக்கா மேலே ஓடினாள். கை நிறைய ஈர விரிப்புகளோடு இறங்கும்போது அடுத்த படி கண்ணில் படவில்லை. மாடிப்படியில் சறுக்கி நடுவீட்டு வாசலில் வந்து விழுந்தாள். அத்தான் நனைந்துகொண்டே ஓடி வந்தபோது, வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம். அவர் தூக்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“உங்களுக்கு உலகம் முடியப்போகுது. எனக்கு நாளைக்கும் துணி காயப் போடணும். கூரை போட்டு முடிங்க. முடிச்ச பிறகு கூப்பிடுங்க, வர்றேன். அதுவரைக்கும் இந்தப் படியில நான் கால் வைக்க மாட்டேன்.”

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கோபம் இரண்டு நாளில் தணியும் என்று எண்ணினேன். அக்கா தணியவில்லை. அத்தானின் போனை அவள் எடுக்காததால் எனக்கு வரும். “மச்சான், கூரைக்கு வெல்டர் வந்துட்டார்னு சொல்லு.” “மச்சான், இரும்புச் சட்டம் நிறுத்தியாச்சு, ஆடாம நிக்குதுன்னு சொல்லு.” “வெயில் உள்ள இறங்குற மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டு எடுத்திருக்கேன், துணி காயும்னு சொல்லு.” நான் சொல்வேன். அக்கா கேட்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் போன் வராத நாளில், “இன்னிக்கு என்ன, வேலையாள் வரலையாமா?” என்பாள்.

அந்தப் பேச்சுகளில் ஒன்றை நான் கவனிக்கத் தவறினேன். அத்தான் தேதி எதுவும் சொல்லவில்லை. புதுத் தொழில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில் சொன்னது மழையைப் பற்றி மட்டும். “சாயங்காலம் மழை வந்துரும் மச்சான், அதுக்குள்ள முடிச்சுரணும். நாளைக்கு அவளக் கூட்டிட்டு வந்துரு.”

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு ஹார்டுவேர் கடைக்காரர் வந்து என்னோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார். அந்தப் பெஞ்சைக் கடையிலிருந்து எடுத்துவிட்டாராம். எனக்கு அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. கடைசியாக என்ன பேசிக்கொண்டிருந்தார்?

“கூரைத் திருகாணி வழியா தண்ணி ஒழுகாம இருக்க ரப்பர் வாஷர் கேட்டாரு சார். எடுத்துக்கிட்டே, இந்த ஷீட்டு பதினஞ்சு வருஷம் உழைக்கும் அண்ணேன்னு சொன்னேன். சண்டைக்கு வந்துட்டாரு.”

“எதுக்கு?”

“பதினஞ்சுதானா, அதுக்கப்புறம் அவ என்ன பண்ணுவான்னு கேட்டாரு சார். இன்னும் கெட்டியா ஒண்ணு இல்லையான்னாரு. நான் உள்ள போய்த் தேடிட்டு வர்றதுக்குள்ள...”

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாடிக்குப் போகணும். தோளக் குடு” என்றாள்.

“கால் இருக்கிற இருப்புல வேண்டாம்க்கா.”

“குடுடா.”

ஒவ்வொரு படியாக ஏறினோம். மேலே கூரை நின்றது. அதன் வழியாக இறங்கிய வெயில் பால் கலந்தாற்போல இருந்தது. கொடிகள் வெறுமையாக இருந்தன. அக்கா ஒரு சட்டக்காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பிறகு நிமிர்ந்து ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் படிக்கட்டு முடியும் இடத்தில் நின்றுவிட்டாள்.

மறுநாள் கடையைத் திறந்தாள். லாட்ஜிலிருந்து விரிப்புகள் வந்தன. மிச்ச வேலையை முடித்துத் தருகிறேன் என்று வெல்டர் வந்து நின்றார். இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். படிக்கட்டுக்கு நேர்மேலே வரும் ஷீட்டு சட்டத்தின் மீது கிடக்கிறது. துணிக்கொடிக் கயிற்றால் அத்தான் கட்டிவைத்தது அப்படியே இருக்கிறது. ஓரம் முழுக்கத் துளை போட்டாகிவிட்டது. திருகாணி எதுவும் இன்னும் இறங்கவில்லை.