திட்டில் மட்டி தேடியது யார் யோசனை?

நாலாவதோடு படிப்பை விட்ட நான் சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி கட்டினேன், லாட்ஜ் கட்டினேன், விசைப்படகும் விட்டேன். நேற்று ஒரு ரிசார்ட் வாசலில் மட்டிச் சிப்பி வேகும் வாசனை என்னை நிறுத்தியது. 'தீவில் காலால் மட்டி தேடலாம், எங்கள் புதுமை' என்று போர்டு!

எழுபதுகளில் செங்கல்பட்டுக் குடும்பமொன்றை என் அப்பா, நைனா, படகில் முகத்துவாரத் திட்டுக்குக் கூட்டிப்போனார், சிறுவன் நானும் போனேன்.

"வெறும் மணலு. இங்க இன்னா கீது?" என்று அந்தக் குடும்பத்து அம்மா முறைத்தார்.

"சேத்துல கால் வெரலால துழாவுக்கா, மட்டி மாட்டும்" என்றேன்.

"டேய், பட்டுப்பொடவைய சேத்துல எறக்கறியே!" என்று நைனா கத்தினார்.

அந்த அம்மாவோ புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, குளிர்ந்த சேற்றில் சிரித்துச் சிரித்துத் துழாவினார். கிடைத்த மட்டியைக் கடல்நீரிலேயே வேகவைத்துத் தின்றார். சாயங்காலம் படகேற மறுத்தார்.

எங்கள் பெண்கள் வயிற்றுக்காகத் தேடியதை வெளியூராருக்கு விளையாட்டாக்கியவன் நான். அந்தப் போர்டில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.