லாரி காற்றை இழுத்த காலை

விஷ்ராந்த்வாடியிலிருந்து நகரத்தின் மறுகோடியில் இருந்த கோந்த்வாவுக்கு வீடு மாறிய அன்று, நானும் என் கணவரும் பேசிக்கொள்ளாமல் பன்னிரண்டு நாளாகியிருந்தது. காரணம் அவருடைய லாரி.

பூனாவில் அந்த அளவு வண்டியை எல்லோரும் டெம்போ என்பார்கள். அவர் மட்டும் லாரி என்றுதான் சொல்வார். யாராவது டெம்போ என்றால் திருத்தவும் செய்வார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பழையதாக வாங்கியது. பிம்ப்ரித் தொழிற்சாலைகளுக்கு அட்டைப்பெட்டி ஏற்றிப் போய்த்தான் குடும்பம் ஓடியது. விஷ்ராந்த்வாடி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருந்ததால் வண்டி எப்போதும் கண்ணெதிரே நிற்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் நீல முகம் தெரியும்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் கோந்த்வாவில். தினமும் இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே போய்வந்ததில் முழங்கால் தேய்ந்துவிட்டது. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்கு வந்தபோது அவரைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். நல்ல வெளிச்சமான வீடு. ஆனால் அந்தக் குடியிருப்பில் ஸ்கூட்டரும் காரும்தான் நிறுத்தலாம், லாரிக்கு இடமில்லை. "அப்போ வண்டிய எங்க கொண்டு விட?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

சாமான்களையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே லாரியில் ஏற்றிவிட்டோம். காலையில் மாடி வீட்டு குஜராத்திக்கார அம்மா இறங்கி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுது, வழியில் சாப்பிட ஒரு டப்பா நிறைய வெந்தயக்கீரை போட்ட தேப்லா ரொட்டி கொடுத்தாள். நானும் அழுதேன். ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு அவர் எட்டிப் பின்னால் பார்த்தார். புகைக்குழாயில் துளிப் புகை இல்லை.

"டீசல் வரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கீழே இறங்கி, டீசல் ஃபில்டரின் மேலிருந்த சின்ன திருகைத் தளர்த்தி, பக்கத்திலிருந்த கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திருகை இறுக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்ப, வண்டி உறுமியது. மாடி அம்மா மறுபடி கை ஆட்டினாள். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது. இருமி நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நேற்று மாலைவரை ஓடிய வண்டி. எந்த நட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷன். அவர் நினைத்தால் இந்த வண்டியை நகராமல் வைத்திருக்க முடியாதா?

"வேணும்னே செய்றீங்களா?" என்று கேட்டேன். பன்னிரண்டு நாளில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நீயே எறங்கி வந்து பாரு" என்றார்.

இறங்கினேன். இத்தனை வருஷமாக அந்த வண்டியால் சோறு தின்ற நான் அதன் உள்பக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் திருகைத் தளர்த்திப் பம்பை அழுத்தினார். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது டீசல். "காத்துல்லா வருது. எங்கயோ காத்த இழுக்கு" என்றார்.

பிறகு ஒரு வெள்ளை கேனில் டீசலும் ஒரு முழ ரப்பர் குழாயும் கொண்டுவந்தார். டாங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராகக் கொடுத்தார். கேனை உயர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே போயிருந்த காற்றையெல்லாம் மறுபடி பம்பு அடித்து வெளியேற்றிவிட்டு அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து நிமிஷம். நிற்கவே இல்லை. என் கை வலித்தது, புடவையெல்லாம் டீசல். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்ஜின் பக்கம் ஒரு குறையும் இல்லை, டாங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் கோளாறு என்று சத்தம் போட்டுச் சொன்னார். சத்தம் போட்டாவது என்னிடம்தான் சொன்னார்.

வண்டியை அணைத்துவிட்டு, பம்பிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். நானும் குனிந்து குனிந்து கூடவே போனேன். டாங்குக்கு மேலே குழாய் சேருமிடத்தில் அவர் கை நின்றது. கட்டிலையும் பீரோவையும் கட்டிய கயிறு அந்தக் குழாயின் அடியில் நுழைந்து மேலே போயிருந்தது. ராத்திரி முழுக்க அது குழாயைத் தூக்கிப் பிடித்ததில் நட்டு விட்டுக்கொடுத்து, சந்தில் ஈரம் கசிந்திருந்தது.

அந்தப் பக்கத்துக் கயிற்றைக் கட்டியது நான். அவர் மறுபக்கம் நின்றிருந்தார். இருந்த ஆத்திரத்தில் வண்டியில் ஒரு காலை உதைத்துக்கொண்டு பலம் கொண்டமட்டும் இழுத்துக் கட்டியிருந்தேன்.

அவர் முடிச்சை அவிழ்த்தார்.

"நான்தான் கட்டினேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"இப்பத்தான். இம்புட்டு இறுக்கமா வேற யாரு கட்டுவா?" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாடி அம்மா வீட்டைப் பிரியும் துக்கம் என்று நினைத்து, போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். தரையிலிருந்து எழ முடியாமல் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

நட்டை இறுக்கி, காற்றை எடுத்து, கிளம்பும்போது பதினொன்றாகிவிட்டது. வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது, முழங்கால் இவ்வளவு மோசம் என்று ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் லாரியை விற்றுவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, அவராகக் கேட்கவில்லையே என்ற வீம்பு. அதையும் சொன்னேன். தேப்லாவைப் பிய்த்து அவர் வாயில் ஊட்டினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாத நெரிசல். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நகரத்தின் எல்லா ஸ்கூட்டரும் நமக்கு வழிவிடுவது மாதிரி இருக்கும். அன்று எனக்கு அவ்வளவு பெருமை.

அப்புறம் லாரியைப் பிம்ப்ரியில் தெரிந்தவர் கிடங்கில் நிறுத்தினார். நான்கு வருஷம் பஸ்ஸில் போய் அதை ஓட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். வயசாகிவிட்ட வண்டிக்கு இனி அனுமதி புதுப்பிக்க முடியாது என்றானபோது அவரே பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. வந்து குளித்துவிட்டு, தோசை கேட்டார்.

இப்போது எங்காவது போக வேண்டுமென்றால் செல்போனில் கார் வரவழைக்கிறோம். நான் பின்னால் உட்காருவேன், அவர் டிரைவர் பக்கத்தில். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். பிறகு ஹிந்தியில், ஃபில்டர் மாற்றி எத்தனை நாளாச்சு என்று விசாரிப்பார். சில டிரைவர்களுக்குப் பிடிக்காது. நான் குறுக்கிடுவதில்லை.