திறக்காத படுக்கையறை யன்னல்

நோர்வேயில் எங்கள் வீட்டில் பதினான்கு யன்னல்கள். 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் அவற்றில் மூன்றுதான் திறந்தன. அந்த மூன்றிலும் ஒன்று கழிவறையில் இருந்தது. அதன் வழியாக ஒரு கை மட்டும் வெளியே போகும்.

என் மனைவிக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம். படுக்கையறைக்குக் காற்று வரவேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அந்த அறையின் ஒரே யன்னல் சட்டத்தோடு சேர்த்துப் பெயின்ற் பூசப்பட்டு, சுவரில் ஒரு பகுதிபோல் இருந்தது. மனைவி திராமன் நகரிலுள்ள மகளின் வீட்டுக்குப் புறப்பட்டார்.

“யன்னல் திறந்தால் சொல்லுங்கோ, வாறன்.”

“திறக்காட்டி?”

“அங்கை நல்ல காத்து எண்டு பிள்ளை சொல்லுறாள்.”

பெட்டிக்குள் மாரிகாலப் பனிச்சப்பாத்தும் போயிற்று. ஏப்ரலில் அது எதற்கு என்று யோசித்தேன்.

அன்றே யன்னற்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினேன். பதினேழாவது தட்டில் கண்ணாடி ஓரத்தில் கீறல் விழுந்தது. ஓய்வுபெற்ற தச்சரான பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வேலியருகே வந்தார். “தட்டாதே. பெயின்ற்றைக் கத்தியால் வெட்டு,” என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் அவர் என்னோடு பேசியவற்றுள் அதுவே நீளமானது.

மறுநாள் முதல் வெட்டினேன். யன்னலின் சுற்றளவு முந்நூற்று நாற்பது சென்ரிமீற்றர். மேலே மூன்று வெள்ளைப் பூச்சு, அடியில் ஒரு பச்சை. பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும் என்பதால் முகமூடி போட்டு, ஈரப்படுத்தி வெட்டினேன். மணிக்கட்டு வலியில் நாளுக்கு முப்பத்தொரு சென்ரிமீற்றருக்கு மேல் போக முடியவில்லை. பின்னேரங்களில் தொலைபேசியில் கணக்குக் கொடுத்தேன்.

“இண்டைக்கும் முப்பத்தொண்டு. அந்த விசரன் மூண்டு தரம் பூசியிருக்கிறான்.”

“ஆர்?”

“எங்களுக்கு வீட்டை வித்த கிழவன்தான். அறிவுள்ளவன் யன்னலை ஒட்டுவானே?”

“ம்.”

ஒன்பது நாளில் அந்தக் கிழவனை இருபது தடவையாவது திட்டியிருப்பேன்.

மேற்பக்கமும் இரு பக்கவாட்டும் முடிந்து, பத்தாம் நாள் கீழ்ப்பக்கத்துக்கு வந்தேன். அங்கே கத்தி எதிலோ சிக்கியது. குறட்டால் இழுத்தேன். இரண்டு விரல் அகலத்தில் துணி வந்துகொண்டே இருந்தது. நீலமும் மண்ணிறமுமான கட்டங்கள், இடுப்பில் கட்டும் சாரத்தின் துணி. சாரம் உடுத்த நோர்வேஜியக் கிழவன் எவரையும் நான் அறியேன்.

பிறகுதான் நினைவு வந்தது. இந்த வீட்டில் எங்கள் முதல் மாரி. எங்களுக்கு இரண்டு வருடம் முன்னதாக இந்த நாட்டுக்கு வந்த, வெஸ்ட்லியில் இருந்த நண்பர் ஒருவர், சட்டத்து இடுக்குகளால், நீக்கல்களால் வரும் குளிர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று எச்சரித்தார். பதினொரு யன்னல்களிலும் பெரிய நீக்கல்களுக்குள் துணியைத் திணித்து, மேலே மூன்று தடவை பூசினேன். நண்பரின் மாடிவீட்டில் எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. அதை நான் பின்னரே கவனித்தேன். வீட்டுப் படிகளின் எண்ணிக்கை நினைவில் நிற்கும் எனக்கு இது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. அன்று பின்னேரம் தொலைபேசியில் மனைவிக்குச் சொன்னேன்.

“இஞ்சேரும், யன்னலுக்குள்ளை என்ரை சாரம் கிடக்கு.”

“ஓம். நீங்கள்தானே அடைச்சனீங்கள்.”

“உமக்குத் தெரியுமே?”

“கிழிச்சுத் தந்ததே நான்.”

“பிறகேன் ஒன்பது நாளாச் சொல்லேல்லை?”

“சொன்னால் வெட்டுறதை விட்டிட்டு எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு இருப்பியள்.”

அதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. சொல்லவில்லை.

மிச்சத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டுத் தள்ளினேன். பதின்மூன்றாவது தள்ளலில் திறந்தது. மனைவிக்குச் சொன்னேன்.

சனிக்கிழமை ரயிலில் வந்தார். கோட்டுடனேயே மேலே ஏறினார். யன்னலை ஒரு கையால் தள்ளினார், மூடினார், மறுபடி தள்ளினார். நான்கு தடவை. நான் கதவடியில் நின்று அவருடைய மூச்சைக் கேட்டேன். இழுப்பு இல்லை.

“மற்றப் பத்தும்?” என்றார்.

“ஒவ்வொண்டா.”

யன்னலை அகலத் திறந்து கொளுக்கியை மாட்டினார். கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே வெப்பநிலை ஆறு பாகை. நான் கீழே போய் என் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன்.