வலி ஏதும் இருக்கிறதா?

இந்த ஊரில் கடைக்குப் போனால் சாமானோடு நாலு கேள்விகளும் கிடைக்கும். பை ஏதும் வேண்டுமா, வேறு ஏதும் உண்டா, வார இறுதிக்குத் திட்டம் ஏதும் இருக்கிறதா என்று கல்லாவில் இருக்கும் பெண் கேட்பாள். எல்லாவற்றிலும் 'எனி' என்ற ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். வந்த புதிதில், இவளுக்கு என் மேல் இத்தனை அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கப்போகிறேன் என்பதை விலாவாரியாகச் சொன்னேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

நான் கொல்லிமலைக்காரன். ஸ்காட்லாந்தின் கடலோர ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் செவிலியனாக இருக்கிறேன். அந்தக் கடை அனுபவத்துக்குப் பிறகு 'எனி' எங்கெல்லாம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். கேள்வியில் வரும், மறுப்பில் வரும். 'எனக்கு வலி இருக்கிறது' என்று நேராகச் சொல்லும்போது அதற்கு இடமில்லை. 'எவர்', 'யெட்', 'அட் ஆல்' என்ற ஆங்கிலச் சொற்களெல்லாம் அதற்குப் பங்காளிகள். யோசித்தால் நமக்கும் இது புதிதல்ல. 'ஏதும் வேண்டுமா' என்போம், 'ஏதும் வேண்டாம்' என்போம். 'ஏதும் வேண்டும்' என்று யாரும் சொல்வதில்லை. தேநீர் கொடுத்தே தீருவது என்று நினைப்பவர்கள் மட்டும் இங்கே 'எனி'யை விட்டுவிட்டு 'சம்' என்று கேட்கிறார்கள். 'சம்' போட்டால் ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். 'எனி' என்றால் எந்தப் பதிலும் வரலாம்.

இதெல்லாம் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, யூவன் என்ற பழைய மீனவர் எங்கள் இல்லத்துக்கு வரும்வரை. காலையில் அவர் படுக்கைக்குப் போய், "உங்களுக்கு வலி இல்லையே?" என்று சிரித்த முகத்தோடு கேட்டேன். "இல்லை மகனே" என்றார். எனக்குப் பின்னால் வந்த மூத்த செவிலி மொய்ரா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனி பெயின் அட் ஆல்?" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

வெளியே வந்ததும் மொய்ரா சொன்னாள்: "பதிலையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பாவம், அவர் வேறென்ன சொல்வார்?"

"எங்கள் ஊரில் அப்படிக் கேட்பதுதான் மரியாதை."

"வலியை மறைப்பதா?"

அவளுக்கு அதை எப்படி விளங்க வைப்பது? கொல்லிமலையில் எங்கள் பைல் நாட்டுப் பக்கம் மேலுக்கு முடியாதவரைப் பார்க்கப் போனால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஒண்ணும் இல்லீங்களே?" என்றுதான் கேட்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வாய் வைத்ததாகிவிடும், இல்லாத நோயும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். படுத்திருப்பவரும் "ஒண்ணும் இல்லீங்க" என்பார். இரண்டு பக்கமும் அன்புதான். என் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது ஊரே வந்து அப்படித்தான் கேட்டது. நானும் கேட்டேன். எல்லோருக்கும் அம்மா அதே பதிலைச் சொன்னாள். கடைசியில் ஜீப்பில் ஏற்றி மலையை விட்டு இறக்கினோம். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டும்போது உயிர் இல்லை.

யூவன் இடுப்பைத் தொட்டுக் காட்டிய அன்று முழுக்க எனக்கு அப்பாவின் நினைப்பாகவே இருந்தது. தனியாக இருக்கிறார், இன்னும் மிளகு பறிக்க மரமேறுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் "மேலுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்பேன். "ஒண்ணும் இல்ல சாமி" என்பார். இத்தனை காலமும் அதைக் கேட்டு நிம்மதியாகப் போனை வைத்திருக்கிறேன். அந்த ஞாயிறு வேறு மாதிரி கேட்டேன். சாமி குத்தம் செய்வது போல இருந்தது.

"ஏனுங்கப்பா, உங்களுக்கு எங்கியாச்சும் வலி ஏதும் இருக்குதுங்களா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"யாரு சாமி சொன்னாங்க உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கேக்கறேன்."

"ஏணியில ஏறையில நெஞ்ச அடைக்குது. எறங்கி உக்காந்தாச் செரியாப் போயிருது. அதப் போய் எதுக்குப் பேசிக்கிட்டு..."

சித்தப்பா மகன் ராசுவை உடனே கூப்பிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் அப்பாவை நாமக்கல்லுக்கு அழைத்துப்போனான். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. நல்ல வேளை வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அடைப்பை எடுத்தார்கள், அப்பா பிழைத்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

ஆனால் மலையில் கதை வேறாகப் போனது. "கடல் தாண்டிப் போனவன் வாய வச்சான், அப்பனுக்கு நெஞ்சுல வந்துருச்சு" என்று சொந்தக்காரர்கள் பேசுவதாக ராசு சொன்னான். முன்பு ஊருக்குப் போனால் ஆசையாக வந்து பேசுகிறவர்கள், இனி நான் வாயைத் திறந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், என் அம்மாவையும் இவர்கள் இதே பயத்தோடுதான் பார்க்க வந்தார்கள் என்று தோன்றியது. கோபத்தை யார் மேல் காட்டுவது?

போன ஞாயிறு அப்பாவே கூப்பிட்டார். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு விட்டுப்போய், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க வேலைக்கு வெளியே ஒரு மனிதரிடமும் பேசியிருக்கவில்லை. தன் மாத்திரை, மலையில் மழை எல்லாம் பேசிவிட்டு அப்பா நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, பழக்கமில்லாத பாதையில் காலை ஊன்றுகிறவரைப் போலக் கேட்டார்.

"சாமி, உனக்கு அங்க... வலி ஏதும் இருக்குதா?"

வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்லீங்கப்பா" என்றேன்.