சுண்ணாம்புக் கோட்டு வீடு

பெரிய வீட்டுப் பேரன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். இடிந்துபோன தாத்தா வீட்டைப் போலவே, அதே நிலத்தில், புதிதாக ஒரு வீடு வேண்டும். ஓட்டுக்கூரை, முற்றம், மரத்தூண், சுற்றிலும் வயல். அவர் சென்னையில் வளர்ந்தவர். ஆடிக்கிருத்திகைக்கு மட்டும் திருத்தணிக்கு வந்து போனவர். அந்த வீட்டுக்குள் எடுத்த புகைப்படம்கூட அவரிடம் இல்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு சார், வரைஞ்சு தரேன்" என்றேன்.

"எங்க வீடு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பின்பக்கத்திலிருந்து தெரியும்."

என் அம்மா அவர்கள் நிலத்தில் நாற்று நட்டவள். நடவு இல்லாத நாட்களில் அவர்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய், பின்கதவுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருப்பேன். கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு நடை தெரியும். அதன் முடிவில் வெயில் விழும் முற்றம். அதற்கப்பால் இருட்டான கூடம். கடைசியாகத் திறந்த முன்வாசல், அதற்குள் அடங்கிய திருத்தணி மலை. அது அந்த வீட்டு மலை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். மலைமேல் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். ஆனால் அந்த முன்வாசலில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவில்லை.

முதல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "பின்பக்கம் பிரமாதம். கிணறு, துவைக்கிற கல், படி எல்லாம் அப்படியே இருக்கு. முன்பக்கம்தான் ஏதோ விளம்பரத்துல பார்த்த வீடு மாதிரி இருக்கு."

உண்மைதான். முன்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். கட்டடக்கலையை ஐந்து வருடம் படித்தவள். அவர் சொல்லச் சொல்ல அன்றே உட்கார்ந்து திருத்தினேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. பின்கதவு, முற்றம், முன்வாசல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. வெளியாள் கண் உள்ளே விழாமல் கூடத்தில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும் என்றார் அவர். வயல் காற்று நின்றுபோகும் என்று சொல்லி மறுத்தேன். அது பொய்யில்லை. முழுக் காரணமும் அது இல்லை.

தரையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டுக்குக் கோடு போட்ட நாளன்று அம்மாவை வரச் சொன்னேன். நான் வரைந்த அந்த வீட்டுக்குள் அவள் முன்வாசல் வழியாக வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இப்போது நாங்கள் இருக்கும் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"அம்மா, இப்டி வா. இதான் வாசல்."

"இரு, வந்துகினுதான் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே கோட்டுக்கு வெளியே ஓரமாக நடந்தாள்.

மேஸ்திரி விடவில்லை. "இன்னாக்கா, செவுரே எழும்பல. அதுக்குள்ள சுத்திகினு போற? முட்டிக்கும்னு பயமா?"

"கோடு அழிஞ்சா என் பொண்ணு மேல பழி போடுவ. உன் வேலையப் பாரு."

முழு வீட்டையும் சுற்றிவந்து, பின்கதவுக்காக விட்டிருந்த இடைவெளியில் நின்றாள். சுவரும் இல்லை, கதவும் இல்லை. வெறும் மண்ணில் வெள்ளைக் கோடு. நிமிர்ந்து பார்த்தவள் குரல் கொடுத்தாள்.

"ஏ, இங்கேர்ந்து மலை தெரியுதுடி. பழைய வீட்டாட்டம்."

"நீயும் பாத்திருக்கியா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?"

இத்தனை வருடத்தில் இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"வாசல்ல வந்து பாரு. முழுசா தெரியும்."

பெரிய வீட்டுப் பேரன் கிணற்றருகே போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா உள்ளே வந்தாள். நடை, முற்றம், கூடம் எல்லாவற்றையும் வேகமாகக் கடந்தாள். முன்வாசல் இடைவெளிக்கு வந்ததும் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, இல்லாத வாசற்படியைத் தாண்டக் காலை உயர்த்தி வைத்தாள். அங்கே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பால் காய்ச்சறப்பவும் இப்டியே வருவ இல்ல?"

"அப்ப செவுரு இருக்கும்டி" என்றாள்.

இப்போது சுவர்கள் ஜன்னல் உயரத்தைத் தாண்டிவிட்டன. தடுப்புச் சுவர் வேண்டாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். வாரம் ஒருமுறை போகிறேன். முன்வாசலில் நுழைந்து பின்கதவுவரை நடந்து, அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறேன்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்கிறாள்: "மலை தெரியுதா இன்னும்?"

"ஆங், தெரியுது. நாளைக்கு வந்து நீயே பாரேன்."

"நடவு இருக்குது" என்கிறாள்.

ஊரில் அறுப்பு நடந்துகொண்டிருக்கிறது.