காற்று வண்டிக் கருப்பண்ணன்

கீச், கீச் என்று வராந்தா முனையில் சத்தம் கேட்டதும் ஆண்கள் வார்டின் பன்னிரண்டு கட்டில்களிலும் போர்வைகள் சரிசெய்யப்படுகின்றன. கருப்பண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். போன மாதம் முதல் நடை கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது. குரல் அப்படியேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் காப்பி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி அது. இப்போது அதன்மேல் ஒரு கறுப்பு இரும்புச் சிலிண்டர் கயிற்றுக்கட்டோடு நிற்கிறது. உள்ளே இருப்பது பிராணவாயு. ஆப்பரேஷன் ஆனபின் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மூக்கில் ரப்பர் குழாய் வைத்துக் கொடுப்பார்கள். "காத்து வருது, வழி உடுங்க!" என்கிறார் கருப்பண்ணன். வழியில் ஒருவரும் இல்லை.

ஒவ்வொரு கட்டிலிலும் வண்டி நிற்கும். படுத்திருப்பவரின் உதட்டைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், "மூச்சு தாராளமா இருக்குதுங்களா?" என்று கேட்பார், அடுத்த கட்டிலுக்கு நகர்வார். சிலிண்டரைத் திறக்கிற சாவியைத் திருப்புவதே இல்லை. ஆனாலும் ஒரு கட்டிலையும் விடமாட்டார். மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த ஐயாக்கண்ணு பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டுவிட்டார்:

"ஏனுங்க, எனக்குக் காலுதானுங்களே ஒடிஞ்சுது?"

"கால் ஒடிஞ்சவன் மூச்சு உட மாட்டானா? பேசாம படு கண்ணு."

கருப்பண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அகன்ற தோள், முழங்கை வரைக்கும் பழைய தீப்பொறித் தழும்புகள். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் பட்டறையில் பதினைந்து வருஷம் துருத்தி ஊதியவர். நெருப்புக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்த மனிதரை, நெருப்பே ஆகாத காற்றுக்குக் காவலாக எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் கூட்டி வந்தார். முதல் சிலிண்டர் மலையேறி வந்த அன்று டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். பக்கத்தில் நெருப்பு கூடாது. திறக்கிற திருகில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

டாக்டர் சொன்ன இரண்டைக் கருப்பண்ணன் இருபதாக்கினார். அன்றோடு தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். தலை வைக்கோல் போராகிவிட்டது. எண்ணெய் வழியும் தலையோடு யார் வந்தாலும் வாசற்படியிலேயே நிறுத்திவிடுவார். வண்டிச் சக்கரத்துக்கும் எண்ணெய் கிடையாது. "சக்கரத்துக்கு விடலாமப்பா, கீச்சு தாங்கவில்லை" என்று டாக்டரே கெஞ்சிப் பார்த்தார். "கீழ உட்ட எண்ணெ கீழயே இருக்குமுங்களா? மெல்ல மேல ஏறுமுங்க" என்றார் கருப்பண்ணன். இதற்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் பதில் இல்லாததால் டாக்டர் போய்விட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர் வரும்போது வாசலில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். பீடிக்கட்டு, தீப்பெட்டி, கற்பூரம் எல்லாம் பழைய பிஸ்கோத்து டின்னுக்குள் போகும். போகும்போது திரும்பக் கிடைக்கும். ஒருமுறை ஓர் அம்மாள், புருஷன் பிழைத்தெழுந்ததற்காகக் கற்பூரம் சுற்றியே தீருவேன் என்று அடம்பிடித்தாள். கருப்பண்ணன் அந்தக் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடந்தார். அங்கேயே கொளுத்தி, தூரத்து ஜன்னலைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். "சாமிக்குக் கண்ணு தெரியுமுங்க, பக்கத்துல வந்துதான் காட்டோணும்னு இல்லீங்க" என்றார்.

வார்டு ஆயா தங்கம்மாவுக்கும் அவருக்கும் தினமும் வாய்ச்சண்டை.

"ஏனுங்கண்ணா, உங்க மேலயே பீடி நாத்தம் அடிக்குதுங்களே?"

"அடிக்காதா பின்னே? நாளெல்லாம் அடுத்தவன் பீடியப் புடுங்கி டின்னுல போடறவன் மேல மல்லியப்பூவா மணக்கும்?"

போன மாதம் வரைக்கும் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் காப்பிச் செடிகளுக்குள் போய்விடுவார். "எவனாச்சும் ஒளிஞ்சு குடிக்கறானானு பாத்துட்டு வாறேன்" என்பார். கால் மணி கழித்து இருமிக்கொண்டே திரும்புவார். ஒருநாளும் யாரையும் பிடித்துவந்ததில்லை.

காலை நேரக் கட்டில் உலாவுக்கு ஒரு கதை உண்டு. யுத்த காலம், சிலிண்டர் எப்போதாவதுதான் வரும். அதனால் இனி வேறு வழியில்லை என்கிற ஆளுக்குத்தான் டாக்டர் அதைக் கொடுத்து வந்தார். முதலில் குழாய் வைத்துக்கொண்ட மூன்று பேருமே பிழைக்கவில்லை. வார்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: வண்டி எந்தக் கட்டிலில் நிற்கிறதோ அவர் கதை முடிந்தது. கீச்சுச் சத்தம் கேட்டாலே துணைக்கு இருந்த பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். கருப்பண்ணன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "உசுரு குடுக்கத்தான் நான் காத்தக் கொண்டாறேன். இவங்க எமனப் பாக்கற மாதிரி பாக்கறாங்க தங்கம்மா" என்பார். அந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது கொட்டச்சேடு என்ற மலையூரிலிருந்து முனியப்பன் வந்து சேர்ந்தார். சாமையும் கமலா ஆரஞ்சும் விளைவிக்கிற மலைக்காரர். குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன் நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, உதடு கறுத்து, நகம் நீலம் பாய்ந்தது. காற்று கொடுக்கச் சொன்னார் டாக்டர். வண்டி கட்டிலருகே நின்றதுதான் தாமதம், மனைவி வெள்ளையம்மாள் தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். துணைக்கு இருந்த பங்காளி ஊருக்குச் சேதி சொல்ல ஓடினார். முனியப்பன் குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"காத்து வாங்கோணும்னு வெள்ளைக்காரனே எங்க மலைக்கு ஏறி வாரான்" என்றார், வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு. "எனக்கு மட்டும் சேலத்துல இருந்து காத்து ஏத்திக் கொண்டாறீங்களா?"

நியாயமான கேள்வி. அதனாலேயே கருப்பண்ணனுக்குக் கோபம் வந்தது. "வேண்டாட்டிப் போங்க!" என்று வண்டியைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளினார். சாவியைத் திருப்பினார். சிலிண்டரோடு இணைத்திருந்த கண்ணாடிக் குப்பித் தண்ணீரில் குமிழிகள் கொப்புளித்தன. குழாய் முனையை அந்த ஆள் மூக்கருகே காட்டி, "நல்லா இழுங்க" என்றார். அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று போய்க்கொண்டே இருந்தார். ஐந்தாவது ஆள் கண்ணை மூடி ரசித்து இழுத்தபோது வெள்ளையம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"ஏனுங்க, அத்தனை பேருக்கும் குடுத்தா எங்கூட்டுக்காரருக்குப் பத்துமுங்களா?"

முனியப்பன் தலையைத் தூக்கினார். "எனக்குனு வந்தத அவனுக்கு எதுக்குக் குடுக்கறீங்க? இங்க கொண்டாங்க!"

மறுநாள் காலையில் கொட்டச்சேட்டிலிருந்து பாடைக்கு மூங்கிலோடு வந்து இறங்கிய உறவுக்காரர்களை, மூக்கில் குழாயோடு படுத்தபடியே முனியப்பன் வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த மூங்கிலில் இப்போது ஆஸ்பத்திரியின் அவரைக்கொடி ஏறியிருக்கிறது. வாயுவை வீணாக்கியதற்கு டாக்டரிடம் கருப்பண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று முதல் சாவியைத் தொடாமல், ஆனால் ஒரு கட்டிலையும் விடாமல், தினமும் சுற்றி வருகிறார். எல்லோருக்கும் நிற்கிற வண்டியைக் கண்டு யாரும் அழுவதில்லை.

போன மாதம் லாரியிலிருந்து சிலிண்டரை இறக்கும்போது அவருக்கே அடிவயிற்றில் ஏதோ சுருக்கென்றது. பல நாள் மறைத்தார். வண்டியை ஒரு கையால் தள்ளி, மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதைத் தங்கம்மா பார்த்துவிட்டாள்.

"என்னத்தப் புடிச்சுட்டு நடக்கறீங்கண்ணா?"

"சாவி. உழுந்துரும்."

முனியப்பனுக்கு வந்த அதே குடலிறக்கம். மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பதற்கு முன்னால், "பீடி குடிப்பதுண்டா? நெஞ்சில் சளி கட்டும், அதனால் கேட்கிறேன்" என்றார் டாக்டர். "அந்த நாத்தமே நமக்கு ஆகாதுங்க" என்றார் கருப்பண்ணன். தங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆப்பரேஷன் முடிந்ததும் ஏழாம் கட்டில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் இருமல் பிடித்துக்கொண்டது; ஒவ்வொரு இருமலுக்கும் தையல் போட்ட இடம் உயிரை எடுத்தது. மூச்சு உள்ளே இறங்காமல் மேலோடேயே நின்றது. கருப்பண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து வெளிச்சத்தில் நகத்தைப் பார்த்தார். ஆயிரம் நகம் பார்த்த மனிதருக்கு டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். உதட்டை மறைக்க முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்தார், தங்கம்மாவிடம் ஏதோ சொன்னார், போனார்.

கீச், கீச்.

தங்கம்மா தள்ளிவந்த வண்டி முதல் கட்டிலில் நின்றது. இரண்டாவதில் நின்றது. 'இந்தப் பொம்பளைக்கு அறிவில்லையே, நேரா வந்தா என்ன?' என்று ஒரு மூச்சுக்கு நினைத்தார். 'மெதுவாவே வரட்டும்' என்று அடுத்த மூச்சுக்கு நினைத்தார். முதல் மூன்று பேரின் முகங்களும் வரிசையாக வந்தன. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன மனிதர் பயந்தார். நன்றாகவே பயந்தார்.

வண்டி ஏழாம் கட்டிலில் நின்றது.

"எல்லாக் கட்டில்லயும் நின்னியா?" என்றார், குரல் வராமல்.

"நின்னேனுங்கண்ணா."

"அப்ப இதும் சும்மா சுத்துதானே?"

தங்கம்மா பொய் சொல்லவில்லை. "இல்லீங்கண்ணா. இங்க தொறக்கச் சொல்லிட்டாரு."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சோப்புப் போட்டுக் கழுவிய, எண்ணெய்ப் பசையில்லாத கைகள். தலையும் அன்றைக்குப் பரட்டையாகத்தான் இருந்தது. குழாயைச் சரிபார்த்தாள். சாவியைத் திருகில் மாட்டினாள். திருப்பவில்லை.

"தொறக்கறதுக்கு முன்னால கட்டில்ல நெருப்புச் சாமான் இருக்குதானு கேக்கோணும். நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். "இருக்குதுங்களா, அண்ணா?"

வார்டு முழுவதும் ஏழாம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயாக்கண்ணு ஒடிந்த காலோடு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். கருப்பண்ணன் கூரையைப் பார்த்தார். ஒரு கை மட்டும் மெதுவாக மெத்தைக்கு அடியில் போய், கொஞ்ச நேரம் அங்கேயே தயங்கி, ஒரு தீப்பெட்டியோடு வெளியே வந்தது. அதைத் தங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்து, மற்றவர்கள் கண்ணில் படுவதற்குள், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.